ஊர் எடை

முத்திரைக்காரர் நடைபாதையில் விழுந்து கால் முறிந்தது புதன்கிழமை காலை பத்து நாற்பதுக்கு. அப்போது அவர் எடை அறுபத்தெட்டு கிலோ. மதியம் ஒன்றரைக்கு இருநூற்று நாற்பத்தேழு. இடையில் அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கூடுதலாக வந்த நூற்றெழுபத்தொன்பது கிலோவும் அவரைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போன ஒன்பது பேர் அவர்மேல் இறக்கி வைத்துவிட்டுப் போனது. யார் எவ்வளவு இறக்கினார்கள் என்பதும் தெரியும். விழுந்தவர் வேறு யாராவதாக இருந்திருந்தால் 'என்னமோ உடம்பு கனக்குது' என்று முனகிவிட்டுக் கிடந்திருப்பார். இவரோ எடையளவுத் துறையில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவர். ஒரு கிலோ வெங்காயத்தைக் கையில் வாங்கி, பதினைந்து கிராம் குறைவு என்று சொன்னால், தராசில் வைத்துப் பார்க்கும்போது பதினைந்தே குறையும். ஆகவே இதில் வரும் எண்கள் எல்லாம் சரியானவை. மற்ற சங்கதிகளை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம்.

கடைத்தெருவில் இருக்கும் அத்தனை தராசையும் வருடத்துக்கு ஒருமுறை சோதித்து, சரியாக இருந்தால் எஃகு அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி முத்திரை குத்துவது அவர் வேலை. அந்த அச்சு பகலில் அவர் சட்டைப் பையிலும் இரவில் தலையணைக்கு அடியிலும் இருக்கும். நேர்மையில் யாரும் குறை சொல்ல முடியாது. மனிதர் சோதனை போடும் விதம்தான் கடைக்காரர்களின் உயிரை வாங்கியது. சொல்லிக்கொண்டு வரவே மாட்டார். ஒரு தடவை முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் மூன்று மணி நேரம் ஒளிந்திருந்து காய்கறிக்கடைக்காரரைப் பிடித்தார். இன்னொரு தடவை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கண் தெரியாதவராகத் தெருவோரம் இரண்டு நாள் நின்றார். ஐயோ பாவம் என்று கையைப் பிடித்துத் தெருவைக் கடக்க வைத்த மீன்கடைக்காரர்மேல், அவர் இன்னொரு கையில் இருந்த பொட்டலம் எடை குறைவு என்று அந்த இடத்திலேயே வழக்குப் போட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் யாரையும் கைபிடித்து எங்கேயும் கூட்டிப்போகவில்லை.

அவருக்குப் பெருமை இரண்டு விஷயத்தில். ஒன்று, தன் முத்திரை: அதன் கீழ் ஒரு பொய் எடை போனதில்லை. இன்னொன்று, தன் உடம்பு. பதினோரு வருடத்துக்கு முன்னால் எண்பத்தொரு கிலோ இருந்தவர், ஒரு மழை நாளில், அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பதின்மூன்று கிலோ இளைத்து அறுபத்தெட்டு ஆனார். பிறகு ஏறவே இல்லை. வேகநடையின் பலன் என்று அவராகவே முடிவு செய்து, பார்க்கிறவர்களுக்கெல்லாம் நடக்கச் சொல்லி அறிவுரை கொடுத்துவந்தார்.

அவருக்கும் கடைத்தெருவுக்கும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான். கால்வாய்க்கு அந்தப் பக்கத்தார் என்றால் இரண்டு தரப்புக்கும் ஆகாது. ஏழு கிலோமீட்டர் தள்ளி, பாலம் தாண்டி இருப்பவர்கள்; பழைய இரும்பு, பழைய காகிதம் வாங்குகிறவர்கள். "அந்தப் பக்கத்துத் தராசு பொறக்கும்போதே பொய் சொல்லிக்கிட்டுதான் பொறக்கும்" என்பார் முத்திரைக்காரர். அப்போது மட்டும் கடைக்காரர்கள் அவருக்கு நாற்காலி எடுத்துப் போடுவார்கள்.

அந்தப் புதன்கிழமை அவர் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள சந்தில் போய்க்கொண்டிருந்தார். கண் பழக்கடையின் பின்வாசல் வழியாகத் தெரிந்த தராசு முள்ளின்மேல் இருந்தது. கால் நடைபாதையில் இருந்தது. நடைபாதையில் ஒரு பலகைக்கல் மூலை உடைந்து ஓட்டையாக இருந்தது. கணுக்காலுக்கு மேலே படக்கென்று ஒரு சத்தம். கைப்பேசி ஓட்டை வழியாகச் சாக்கடைக்குள் விழுந்தது. இரண்டு நிமிடம் கழித்து அது உள்ளேயிருந்து மணியடித்தது. அதுதான் அவருக்குக் கால்வலியைவிடப் பெரிய வலி. மகளுக்கு அன்று பிரசவம். மனைவி மகள் ஊரில் இருந்தார். பிறந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். முதல் பேரக்குழந்தை பிறந்துவிட்ட செய்தி தனக்கு அரை ஆள் ஆழத்தில், சாக்கடையில் வந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்ததை அவர் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு கிடந்தார். ஆணா பெண்ணா என்பதுகூடப் பிறகு தெரிந்தால் போதும். எடை எவ்வளவு என்று தெரியாமல் செத்துப்போய்விடக் கூடாதே என்றிருந்தது.

முதலில் வந்தவர் காய்கறிக்கடைக்காரர். முத்திரைக்காரர் தரையில் கிடப்பதைப் பார்த்ததும் அவருக்கு முட்டைக்கோஸ் ஞாபகம் வந்துவிட்டது. "புடிங்க, கொஞ்சம் தூக்கிவிடுங்க" என்று இவர் முனகினார். "நல்லாத்தான் நடிக்கிறீங்க சார். என் தராசு பக்காவா இருக்கு, வேணும்னா வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் தாவித் தாண்டி, தராசைச் சரிசெய்வதற்காகக் கடைக்கு ஓடினார். அப்போதுதான் முதல் பத்தொன்பது கிலோ இறங்கியது. வயிற்றின்மேல் யாரோ சாக்குமூட்டையை வைத்தது மாதிரி இருந்தது. முத்திரைக்காரர் கண்ணை மூடி நிதானித்து, எண்பத்தேழு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்து ஆலயத்துப் போதகர். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் போடவிருந்த நல்ல சமாரியன் நாடகத்துக்கு ஒத்திகை நடத்த ஓடிக்கொண்டிருந்தார். அடிபட்டு வழியில் கிடக்கிறவனாக நடிக்கும் பிள்ளைக்குக் கட்டுவதற்காக அவர் பையில் எட்டுச் சுருள் கட்டுத்துணி இருந்தது. எண்ணெய்க் குப்பி ஒன்றும் இருந்தது. பாவம், ஏற்கெனவே கால் மணி நேரம் தாமதம். "இதோ வந்துடுறேன் ஐயா, புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குதுங்க" என்று கையைக் கூப்பினார். இருபத்தேழு கிலோ. பிறகு காப்பீட்டு முகவரம்மா வந்து, "அடடா, இதுக்குத்தான் போன மாசமே சொன்னேன்" என்று மிகவும் வருத்தப்பட்டு, சட்டைப் பையில் தன் அட்டையைச் செருகிவிட்டுப் போனார். பதினான்கு. ஒரு காதல் ஜோடி நின்று படம் எடுத்துக்கொண்டது, தலைக்குப் பதினொன்று. ஓய்வுபெற்ற நீதிபதி நாயோடு வந்தார். நாய் நின்றது. முத்திரைக்காரரின் முகத்தை முகர்ந்துவிட்டு, நகரமாட்டேன் என்று உட்கார்ந்தே விட்டது. நீதிபதிதான் சங்கிலியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். நீதிபதி கணக்கில் இருபத்தொன்று. நாய் ஒரு கிராம்கூட வைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர் அவருடைய சொந்த மைத்துனர். இருவரும் எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இவர்கள் புது வீட்டுக்குக் குடிவந்தபோது அக்காவுக்காக ஆசை ஆசையாக ஒரு சமையலறைத் தராசு வாங்கிவந்து கொடுத்தார் மைத்துனர். முத்திரை இல்லாத தராசு என்று அதை வந்திருந்த விருந்தாளிகள் முன்னாலேயே பறிமுதல் செய்து, மைத்துனர் கையில் ரசீதையும் கொடுத்தார் இவர். அந்த மனிதர் இப்போது நின்றார். பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, செருப்பைப் பார்த்தபடியே தாண்டிப் போனார். நாற்பது கிலோ. முன்பின் தெரியாதவர்கள் தாண்டினால் குறைவாகவும் உறவுக்காரர்கள் தாண்டினால் அதிகமாகவும் இறங்கும் என்பது இதிலிருந்து தெரிகிறது. முத்திரைக்காரருக்கு மூச்சு முட்டியது. 'டேய் மாப்ளே' என்று கூப்பிட வாய் வரைக்கும் வந்த வார்த்தை, மேலே கிடந்த பாரத்தில் வெளியே வரவில்லை.

பழக்கடையிலிருந்து யாரோ சொல்லி ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு பேர் இறங்கி, தலைமாட்டில் ஒருவரும் கால்மாட்டில் ஒருவரும் பிடித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று தூக்கினார்கள். அவர்கள் இடுப்புதான் பிடித்துக்கொண்டது. "என்ன சார் சாப்பிடுறீங்க?" என்று ஒருவர் கேட்டார். படுக்கைச் சட்டத்தின் தாங்குதிறன் நூற்றறுபது கிலோ என்றும், இவர் அதற்கு மேல் தெரிவதாகவும் ஒரு படிவத்தை நிரப்பி, கையெழுத்து வாங்கி, பெரிய வண்டிக்கு எழுதிப் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தலைக்குப் பதினெட்டு. ஆக இருநூற்று நாற்பத்தேழு. அப்போது அவருக்குக் கீழே கல் மெதுவாக முனகியது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். பலகைக்கல்லின் ஓரத்தில், சிமெண்டிலேயே பதித்து எழுதியிருந்தது: அதிகபட்சம் 250 கிலோ. அதற்கு முத்திரை குத்தியதும் அவர்தான். ஆகவே அது சரியாக இருநூற்றைம்பதில் உடையும் என்பதில் அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை. மிச்சம் மூன்று கிலோ. இன்னும் ஒரே ஒரு ஆள், அதுவும் அதிகம் பழக்கமில்லாத ஆளாகவே இருந்தாலும், தாண்டிப் போனால் போதும். கைப்பேசி போன இடத்துக்கு அவரும் போய்விடுவார். காலையிலிருந்து யாராவது வரமாட்டார்களா என்று ஏங்கியவர், இப்போது யாரும் வந்துவிடக் கூடாதே என்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

வந்தவள் இரும்புக்காரி. மூன்று சக்கர வண்டி, அதில் செய்தித்தாள் கட்டுகள், ஒரு குளிர்பெட்டிக் கதவு, வண்டியின் பின்பக்கம் இரும்புக் கழியில் கப்பியும் தொங்கு தராசும். கால்வாய்க்கு அந்தப் பக்கத்தாள். அவளுடைய தராசை அவர் மூன்று தடவை பறிமுதல் செய்திருக்கிறார். மூன்று தடவையும் சோதனைச்சாலை, தராசில் குறை ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பியது. நான்காவது தடவை வேறு வழியில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு முத்திரை குத்திக் கொடுத்தார். ஊரில் தன்னைத் தாண்டிப் போக நியாயமான காரணம் உள்ள ஒரே ஆள் இவள்தான் என்று அவருக்குத் தெரியும். காலையிலிருந்து எல்லோரையும் கூப்பிட்டவர் இவளை மட்டும் கூப்பிடவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். வண்டிச் சத்தம் அருகே வந்து, நின்றது.

"சோதனையா சார், இல்ல நெசமாவே விழுந்துட்டீங்களா?"

அவள் குனிந்து பார்த்தாள். "கால் ஒரு பக்கம் போகுது, நீங்க ஒரு பக்கம் போறீங்க. நெசந்தான்."

"போ. உன் வேலையைப் பாரு" என்றார் பழக்கதோஷத்தில். சொன்ன மறுநொடி மூன்று கிலோ ஞாபகம் வந்தது. "இல்ல, போகாதே! நில்லு! தாண்டிடாதே!"

"போங்கிறீங்களா, நில்லுங்கிறீங்களா?"

"நில்லு. ஆனா தொடாதே."

"நல்ல கதையா இருக்கே. தொடாம தூக்குறதுக்கு நான் என்ன மந்திரவாதியா?" என்று சொல்லிக்கொண்டே அவள் வண்டியிலிருந்து பிளாஸ்டிக் குழாய்த் துண்டு இரண்டை எடுத்து, காலுக்கு இரண்டு பக்கமும் வைத்து, தன் தலைத்துணியைக் கிழித்துக் கட்டினாள். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியைக் காயத்தில் ஊற்றினாள், பாதியை அவர் வாயில் ஊற்றினாள். பிறகு ஒரு சாக்கை விரித்து, அவரைப் புரட்டி அதன்மேல் போட்டு, நான்கு முனையையும் சேர்த்துக் கட்டிக் கப்பியில் மாட்டினாள். எடை பார்க்காமல் எதையும் வண்டியில் ஏற்றுவது அவள் வழக்கம் இல்லை. வண்டியின் அச்சு நூற்றைம்பதுக்கு மேல் தாங்காது. கயிற்றை இழுத்தாள். முத்திரைக்காரர் தரையை விட்டு மேலே போனார். முள் அறுபத்தெட்டில் வந்து நின்றது.

சாக்குக்குள் சுருண்டு, கால் முறிந்து, மூன்று மணி நேர வெயிலில் வதங்கியிருந்த அந்த நிலையிலும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தப்பு! இருநூத்தி நாப்பத்தேழு! கிராம் சுத்தமா இருநூத்தி நாப்பத்தேழு! நூத்தி எழுபத்தொம்பது கிலோ முழுங்குதே இந்தத் தராசு! நான் அன்னிக்கே சொன்னேன்ல? எறக்கு. எறக்கு கீழே. வழக்கு எழுதணும்."

அவள் கயிற்றை விடவில்லை. தராசைத் திருப்பி அவர் மூக்குக்கு நேராகக் காட்டினாள். கொஞ்சம் கோணலாக, ஆனால் ஆழமாக, அவருடைய முத்திரை. "இது நீங்க குத்துனது சார். முத்திரை பொய்யா, முள்ளு பொய்யா, ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க. வண்டி வழியில நிக்குது."

முத்திரைக்காரர் தொங்கியபடியே யோசித்தார். முள் பொய் என்றால் இருபத்தாறு வருட முத்திரை பொய். முத்திரை மெய் என்றால் அந்தப் பக்கத்துத் தராசு மெய். அவர் வாழ்க்கையில் இத்தனை கஷ்டமான சோதனை வந்ததில்லை. கடைசியில் தன் முத்திரைமேல் உள்ள கர்வம், அந்தப் பக்கத்தார்மேல் உள்ள வெறுப்பைவிட ஒரு நூல் அதிகமாக இருந்தது. "முத்திரை பொய்யில்ல" என்றார் தலையைத் திருப்பிக்கொண்டு. "அப்ப மத்ததெல்லாம்?" என்று சிறு குரலில் கேட்டார். "மத்தது ஊர் எடை. உங்க எடை வேற, உங்க மேல கெடக்குற எடை வேற. எங்க பக்கத்துல புள்ளைங்களுக்குக்கூடத் தெரியும். சும்மா படுங்க" என்று அவரைக் குளிர்பெட்டிக் கதவின்மேல் இறக்கிவைத்து, ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் வண்டியை ஓட்டினாள். தோளிலிருந்து கையை எடுத்தால் ஊர் எடை திரும்பி வந்துவிடும் என்றாள். கையெடுக்காமலே நாலு தெரு ஓட்டினாள்.

வழியில் பார்த்தவர்கள், முத்திரைக்காரர் ஒரு வண்டியை முழுதாகப் பறிமுதல் செய்து, அதில் ஏறி ஊர்வலம் போவதாக நினைத்து ஒதுங்கிக்கொண்டார்கள். நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் மட்டும் விசிலடித்து நிறுத்தி, "எங்கேயிருந்து தூக்கிட்டு வர்றே இவரை?" என்று இரும்புக்காரியை அதட்டினார். அவள் பயந்துபோனாள். அந்தப் பக்கத்தாள் ஒருத்தி அதிகாரி ஒருவரைச் சாக்கில் கட்டி எடுத்துப்போவது எப்படித் தெரியும் என்று அவள் அதுவரை யோசித்திருக்கவில்லை. முத்திரைக்காரர் தலையைத் தூக்கினார். "என்னைத் திருடி விக்கிறதுக்கு நான் என்ன தாமிரமா? வழியை விடுய்யா" என்றார். அவள் சார்பாக அவர் பேசிய முதல் வாக்கியம் அது. பேசியபிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் படுக்கையில் ஏற்றி, அவள் கையை எடுத்தாள். கட்டிலின் கால் ஒன்று வளைந்து, தரை ஓடு மூன்று விரிசல் விட்டது. நர்ஸம்மா நிதானமானவர், "கையைத் திரும்ப வைம்மா" என்று மட்டும் சொன்னார். அவள் கைப்பேசியிலேயே மகள் ஊருக்குப் பேசினார்கள். பெண் குழந்தை. "எடை?" என்று கத்தினார். மூன்று கிலோ நூறு என்றார் மனைவி. "எந்தத் தராசுல?" என்று இவர் கேட்டபோது மனைவி, "ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலை, நல்லாத்தான் இருக்கீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். முத்திரைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் பதிவு எழுத்தர் படிவத்தோடு வந்தார். துணைக்கு இருப்பவர் நோயாளிக்கு என்ன உறவு?

"ஒண்ணும் இல்லைங்க" என்றாள் இரும்புக்காரி.

"ஒண்ணும் இல்லேங்கிறது பட்டியல்ல இல்லம்மா. மனைவி, மகள், சகோதரி, பக்கத்து வீடு. இதுல எது? எதுவும் இல்லேன்னா கிளம்பு. விதிமுறை அப்படி." அவள் விலாசத்தை வாங்கிப் பார்த்த எழுத்தர் மூக்கைச் சுளித்தார். "அந்தப் பக்கமா? ஏழு கிலோமீட்டர்! கிளம்பு கிளம்பு."

அவள் கிளம்பினால் கட்டில் உடையும். கட்டிலுக்குக் கீழே தரை. தரைக்குக் கீழே முதல் மாடி, பிரசவ வார்டு. முத்திரைக்காரருக்கு அது எல்லாம் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவர் நினைத்தது அதை இல்லை, அவள் எதிர்த்துப் பேசாமல் கையை எடுக்கப்போன விதத்தைத்தான் என்று பிற்பாடு அவரே சொன்னார். எழுத்தர் கையிலிருந்து படிவத்தைப் பிடுங்கினார். 'பக்கத்து வீடு' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். "யோவ், ஏழு கிலோமீட்டருய்யா" என்றார் எழுத்தர். "நான் இருபத்தாறு வருஷமா அளக்குறவன். அளந்து பாத்துட்டேன். பக்கத்து வீடுதான்" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து எஃகு அச்சை எடுத்து, பக்கத்து மேசையில் கிடந்த பிளாஸ்டர் சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். படிவத்தில் முத்திரை விழுந்தது. அந்த முத்திரையின் கீழ் அதுவரை பொய் அளவு போனதில்லை. அன்றும் போகவில்லை.

ஒரு வாரம் கழித்து, தோளில் அப்போதும் அவள் கையோடு, அவர் வீடு திரும்பியபோது, அவருடைய வீட்டுக்கும் தையல்காரர் வீட்டுக்கும் நடுவில் இரும்புக்காரியின் வீடு இருந்தது. தகரக் கூரை, முற்றம் நிறைய பழைய இரும்பு, கொடியில் துணி. அவள் நாத்தனார் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "சொல்லாம கொள்ளாம வீட்டைத் தூக்கிட்டு வந்துட்டீங்களே, எங்க பால்காரருக்கு யாரு தகவல் சொல்றது?" இரும்புக்காரியும் சிரிக்கவில்லை. "முத்திரை குத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை எங்களைக் கேட்டிருக்கலாம் சார். அங்க எங்களுக்கும் அக்கம்பக்கம்னு இருந்துச்சுல்ல?" என்றாள். அவருக்குச் சுருக்கென்றது. யாரையும் கேட்டு முத்திரை குத்திப் பழக்கமில்லை. குத்திய முத்திரையை அழிக்கச் சட்டத்தில் இடமும் இல்லை. நல்லவேளையாக அன்று சாயங்காலம் நாத்தனார் கொல்லைக்கதவைத் திறந்தபோது, அது பழையபடி கால்வாய்க்கு அந்தப் பக்கத்து அவர்கள் சந்திலேயே திறந்தது. பால்காரர் நின்றுகொண்டிருந்தார். முன்வாசல் இந்தத் தெருவில், பின்வாசல் ஏழு கிலோமீட்டர் தள்ளி. நடுவில் பன்னிரண்டு அடிக் கூடம். மகள் ஊரிலிருந்து வந்த மனைவி வாசலில் நின்று பார்த்து, "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். புதன்கிழமை என்றார்கள். முற்றத்தில் சாய்த்திருந்த இரும்பு ஏணி அவர் கண்ணில் பட்டது. "அப்பாடா, இனிமே ஏணிக்கு அலைய வேண்டாம்" என்று உள்ளே போனார்.

ஊர் எடையை இறக்கியது முற்றத்தில் வைத்துத்தான். அதற்கு வேண்டியது நிதானம் மட்டும். யாரு என்பாள் இரும்புக்காரி; காய்கறி என்பார் இவர். எவ்வளவு என்பாள், பத்தொன்பது. சாக்கின் வாயைத் தோளருகே பிடித்து, பாயில் தூசி தட்டுவதுபோல முதுகில் இரண்டு தட்டு. சாக்கு தொப்பென்று கனக்கும். தராசில் மாட்டினால் முள் பத்தொன்பதில் நிற்கும். எட்டுச் சாக்கு ஆகியும் மைத்துனர் பங்கு மட்டும் ஒட்டிக்கொண்டு வரவில்லை; அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் தட்ட வேண்டியிருந்தது.

இதற்குள் தாண்டிப் போனவர்கள் பாடு திண்டாட்டமாகியிருந்தது. முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் இளைத்துவிட்டோம் என்று சந்தோஷம். பிறகு நீதிபதியை அவர் நாய் மூன்று தெரு இழுத்துக்கொண்டு போனது. போதகர் நாடகத்தின் நடுவில் மேடையை விட்டு ஒரு முழம் மேலே கிளம்பினார். பிள்ளைகள் அவரைத் தேவதூதர் என்று நினைத்து அப்படியே தொடர்ந்து நடித்தார்கள். காப்பீட்டு முகவரம்மா காற்றில் ஒரு இரண்டாம் மாடிப் பால்கனிக்குள் போய்விட்டு, போன இடத்திலேயே ஒரு காப்பீட்டையும் முடித்துவிட்டு வந்தார். விஷயம் பரவி, ஒவ்வொருவராக வந்து முற்றத்தில் வரிசையில் நின்றார்கள். முத்திரைக்காரர் கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். யாருக்கும் முழு எடையையும் வாங்கிக்கொள்ள மனம் இல்லை. "எனக்கு ஒரு எட்டு போதும் சார், மிச்சம் இங்கேயே கெடக்கட்டும்" என்று பேரம் பேசினார் காய்கறிக்காரர். "பத்தொன்பது. தூக்கு" என்றார் இவர். கடைசியாக வந்தவர் மைத்துனர். இரண்டு பையிலும் கருங்கல், கையில் விளக்குக்கம்பத்திலிருந்து விளக்குக்கம்பத்துக்குத் தாவிவந்த சிராய்ப்பு. "இருபதுதானே அத்தான் என்னோடது?" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "நாப்பது மாப்ளே." மைத்துனர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எட்டு வருஷத்துக்கு நாப்பது கம்மிதான்" என்று முத்திரைக்காரரே சொன்னார். பிறகு தன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டி, "அந்தத் தராசு இன்னும் என் பீரோவுலதான் இருக்கு. சோதிச்சுப் பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு" என்றார். மைத்துனர் அழுதுவிட்டார். கனம் திரும்பிவந்த வேகத்தில் உட்கார்ந்த நாற்காலியும் உடைந்தது.

எல்லோரும் போனபிறகு முற்றத்தைப் பார்த்த முத்திரைக்காரருக்குக் கணக்கு உதைத்தது. ஒன்பது பேர் சாக்கும் போய்விட்டது. முற்றத்து ஓரத்தில் இருந்த கொட்டகையில் இன்னும் சாக்குகள் இருந்தன. ஒன்றிரண்டு அல்ல, கூரை வரைக்கும். ஒவ்வொன்றிலும் சீட்டு. மருந்துக்கடை, பஸ் நடத்துநர், பள்ளிக்கூட அம்மா, இந்தத் தெருவில் அவருக்குத் தெரிந்த எல்லோரும். "இது எங்க மேல எறக்குனது சார். எங்க பக்கத்துல வீட்டுக்கு வீடு இந்த மாதிரி ஒரு கொட்டகை இருக்கும். எடுத்துப்போட்டாத்தானே மறுநாள் வண்டி ஓட்ட முடியும்?" என்றாள் இரும்புக்காரி சாதாரணமாக. பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்களோடது ஒண்ணு இருக்கு" என்று அடியிலிருந்து தூசி படிந்த ஒரு சாக்கை இழுத்தாள். அவர் கையில் வாங்கினார். உள்ளங்கை உடனே சொல்லிவிட்டது. பதின்மூன்று.

பதினோரு வருடத்துக்கு முந்தைய அந்த மழை நாள். பாலத்தடியில் வண்டி கவிழ்ந்து, இரும்புக்கு அடியில் ஒரு பெண் கிடந்தாள். தராசு தெருவில் உருண்டு கிடந்தது. அவர் குனிந்து தராசில் முத்திரை இல்லை என்று பார்த்தார், பறிமுதல் செய்தார், ஒரு மணி நேரத்துக்குள் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று வேகவேகமாக நடந்தார். முகத்தை அன்று அவர் பார்க்கவே இல்லை. "ரசீதை உன் பக்கத்துல வச்சிட்டுத்தானேம்மா போனேன்" என்றார். "ஆமா சார். நனைஞ்சிடுச்சு" என்றாள் அவள். "இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?" என்று கேட்டார். "எப்பப் பாத்தாலும் தராசைப் புடுங்கிட்டுப் போற அவசரத்துல இருந்தீங்க" என்றாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கேயே அழுதார் என்று நாத்தனார் சொல்கிறாள். கண்ணில் இரும்புத்தூள் விழுந்தது என்று அவர் சொல்கிறார். சாக்கை அவரே தோளில் போட்டுக்கொண்டார், முழுதாக.

இப்போது அவர் எண்பத்தொரு கிலோ. கால்சட்டைகளையெல்லாம் தையல்காரரிடம் பிரிக்கக் கொடுத்திருக்கிறார். வேகநடை அறிவுரையை நிறுத்திவிட்டார். சனிக்கிழமைதோறும் தெருக்காரர்கள் தங்கள் பெயரில் சாக்கு உண்டா என்று பார்க்க வருகிறார்கள். அப்படியே கூடத்தின் வழியாக அந்தப் பக்கம் போய் மற்றக் கொட்டகைகளிலும் விசாரித்துவிட்டு வருகிறார்கள். பாலம் வழியாகப் போன பஸ்ஸை ஆள் ஏறவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் நடக்கச் சொல்லி நாத்தனார் ஒரு பலகை எழுதி மாட்டியிருக்கிறாள், யாரும் கேட்பதில்லை.

மூன்றாம் மாதம் மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துறையின் மேடைத் தராசை வீட்டுக்கே வரவழைத்து வைத்திருப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் குழந்தையை நேராகப் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப்போனார். இரும்புக்காரி ஒரு சுத்தமான துணியைத் தொட்டிலாகக் கட்டித் தராசில் மாட்டினாள். குழந்தை காலை உதைத்தது. முள் ஆடி, ஓய்ந்து, நின்றது. "அஞ்சு கிலோ இருநூறு சார்" என்றாள். முத்திரைக்காரர் தலையாட்டினார். கையில் வாங்கிப் பார்க்கவில்லை.